மரக்காணத்தின் பெயர் சுமந்த பூச்சி

உப்புக் குவியல்களுக்கு நடுவே வாழ்ந்து, உள்ளமும் அவ்வாறே வெளுத்த படிப்பகத் தலைவர் தட்சணாமூர்த்தி அவர்களே, பகலெல்லாம் உப்பளத்தில் பாதம் வெந்தும் மாலையில் பூச்சூடி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, வலையை உலர்த்திவிட்டு எக்கியார்குப்பத்திலிருந்து நடந்தே வந்த மீனவப் பெருமக்களே, பெருமுக்கல்லிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் உழவர் குடியினரே, உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

"உலகப் புத்தகத்தில் மரக்காணம்" என்று எனக்குப் பின்னால் துணியில் எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். அதை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசுகிறது. ஏன் என்று சொல்லத்தான், பூச்சிகளைப் பார்த்தே ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட இந்த விலங்கியல் வாத்தியார் வெங்கடாசலம், எழுபத்தாறாம் ஆண்டின் இந்த மாலையில் உங்கள் முன் நிற்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்கு வந்தேன். உப்பு வாரும் பலகைக்குக் கைப்பிடி வெட்டுவீர்களே, அந்த மூங்கில் புதர்தான் என்னை இழுத்தது. மூங்கில் மடலைத் தட்டினால் வெள்ளைத் தட்டில் கறுப்பாய்ச் சில துகள்கள் விழும். எள்ளைக் கீறி எடுத்த துண்டு அளவுதான் இருக்கும். அவை இலைப்பேன்கள். மிளகாய்க் கொல்லையில் இலையைச் சுருட்டுமே, அந்தக் கூட்டத்தின் உறவு. ஆனால் அது சைவம், இது அசைவம். மடலுக்குள் ஒளிந்திருக்கும் செதிற்பூச்சியைத் தேடித் தின்னும். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினேன்.

நண்பகலில் உங்கள் அளத்தில் வானம் இறங்கிக் கிடக்கும். எது மேகம், எது உப்பு என்று தெரியாது. அந்த வெளிச்சம் கண்ணில் மிதக்க நுண்ணோக்கியின் மேல் குனிவேன். அங்கே ஒரு சிறகு தெரியும். ஒரே ஒரு கோடு, அதன் இரு கரையிலும் மயிரிழைகள், தென்னங்கீற்று போல. அசையும், அடங்கும், மீண்டும் அசையும். பொழுது போனது தெரியாது, பசி வந்தது தெரியாது. கனவா என்றால் கனவுதான். விழிக்க மனமில்லாத கனவு.

அந்தக் கனவில் ஒரு நாள் ஒரு பூச்சி வந்தது. முன்கால்கள் பயில்வானின் தோள் போலப் பருத்திருந்தன. இப்படியொன்றை எந்த நூலிலும் நான் கண்டதில்லை. உறவுள்ள சிற்றினங்கள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்குப் பேரினம் என்று பெயர். இந்தப் பயில்வானுக்குப் புதிதாய் ஒரு வீடே கட்டினேன். அதன் வாசலில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். அதே மூங்கிலில் கால் மெலிந்த சிறியவையும் இருந்தன. அவற்றை யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய பேரினத்தில் தள்ளிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதிய என் புத்தகம் அச்சானது. ஊர் மகிழ்ந்தது. விழா நாளும் குறித்தீர்கள்.

எனக்காக மூங்கில் தட்டித் தந்தவர் விருத்தாம்பாள், உங்கள் அளத்துத் தொழிலாளி. அதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். தலை குனியாதீர்கள் அம்மா, குனிய வேண்டியவன் நான். என் இரண்டு கண்ணாடிக் குப்பிகளையும் பார்த்துவிட்டு, புத்தகம் வந்த பிறகு ஒருநாள் அவர் சொன்னார்: "ரெண்டும் ஒரே மடலுக்குள்ளதான் பொறக்குதுங்க சார். பாத்தியில உப்ப சீக்கிரம் வாருனா பொடியா இருக்குது, நாலு நாள் உட்டு வாருனா கல்லா இருக்குது. தண்ணி ஒண்ணுதானே."

"இது படிப்பு விஷயம் அம்மா" என்று சொல்லிச் சிரித்தேன். வாய்தான் சிரித்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரே தாயின் முட்டைகளை இரண்டு குப்பிகளில் பிரித்து வைத்தேன். ஒன்றுக்கு வயிறு நிறைய இரை கொடுத்தேன், மற்றதற்கு உயிர் தங்கும் அளவு மட்டும் கொடுத்தேன். என்ன நடந்தது தெரியுமா? உண்டவன் தோள் பருத்தான், வயிறு ஒட்டியவன் மெலிந்தான். இருவரும் ஒரு தாய் பிள்ளைகள்.

அவையோரே, பசியால் மெலிந்தவனைப் பழைய இனம் என்றேனே, புசித்துப் பருத்தவனைப் புதிய இனம் என்றேனே, உடன்பிறந்தாரைப் பிரித்து நடுவே ஒரு சுவரும் எழுப்பினேனே, இது தகுமா? பூச்சியிடம் நான் செய்த இந்தப் பிழையை மனிதரிடம் செய்துகொண்டு எத்தனை தலைமுறை ஓட்டிவிட்டோம்? நான் கட்டிய பேரினம் என்று ஒன்று இல்லை. நீங்கள் கொண்டாட வந்த பெயர் இல்லை. வெளியீட்டாருக்குத் திருத்தக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இது போய்ச் சேர்ந்தால் மரக்காணம் அந்த வாசலிலிருந்து அழிந்துவிடும். உங்கள் பெயரை உங்களைக் கேளாமல் அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன கலியபெருமாள், கூட்டத்திலிருந்து ஏதோ சொல்கிறீர்களே? உரக்கச் சொல்லுங்கள். "யாருக்கு சார் தெரியப் போவுது, உட்ருங்க" என்கிறார். அன்பினால் சொல்கிறார். ஆனால் ஐயா, நாளை ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மூங்கிலடியில், ஒருவர் என் புத்தகத்தை நம்பி இல்லாத வீட்டைத் தேடி அலைவார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

விருத்தாம்பாள் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா.

கேட்டீர்களா பெரியோரே? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "மண்ணு கலந்த உப்ப நாம மூட்டை கட்டுனதில்லீங்க சார். அனுப்பிடுங்க" என்கிறார்.

இந்தக் கைதட்டலையே உங்கள் ஒப்புதலாகக் கொள்கிறேன். காலைத் தபாலில் கடிதம் போகும். பிழையை முதலில் கண்டவர் மரக்காணம் உப்பளத் தொழிலாளி விருத்தாம்பாள் என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். வாசலில் பெரிதாய் இருந்த பெயர் போகிறது. உள்ளே சிறிதாய் ஒரு வரி இருக்கும், அது மெய்யாய் இருக்கும்.

தலைவர் அவர்களே, அந்தச் சால்வையை மடித்தே வைத்திருங்கள். மெய்யாகவே ஒரு பேரினம் கண்டால் நானே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் பூச்சி அரித்துவிட்டால், அந்தப் பூச்சியை எனக்கு அனுப்பிவையுங்கள். பிழை செய்தவனையும் பொறுத்திருந்து கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.