வெள்ளிக்கிழமை சாமி

— வாண்டாம் அண்ணி. நாளைக்கு மட்டும் வாண்டாம். தலவலின்னு சொல்லிட்டு படுத்துக்க.

— மெதுவாப் பேசுடி ஆதி. இப்பதான் சின்னவன் மார வாயில வெச்சிக்கினே கண்ண சொருவுறான். நாளைக்கு இன்னா?

— வெள்ளிக்கெழம.

— வெள்ளிக்கெழமன்னா வெளக்கு வெச்சதும் எனக்கு சாமி வரும். பாகூர் கடத்தெருவுக்கே தெரியும். அதுக்கு ஏண்டி ஒன் கையி இப்பிடி சில்லுன்னு இருக்குது?

— சாமி வராது அண்ணி. எனக்குத் தெரியும்.

— இன்னா தெரியும்?

— ஒண்ணுமில்ல.

— அட போடி. நடுராத்திரியில வந்து என் காலாண்ட ஒக்காந்துக்கினு பாதிய சொல்லி பாதிய முழுங்கினா எப்பிடி? துப்பு.

— போன வெள்ளிக்கெழம ஒன்ன உள்ள வுட்டு கதவ சாத்தினப்பறம் நான் பாத்துட்டேன். சாமி ரூம்பு ஜன்னல்ல ஒரு கதவு சரியா சாத்தாது இல்ல, அது வழியா. நீ ஆடல, உருளல. கால நீட்டிப் போட்டுக்கினு அஞ்சாங்கல்லு ஆடிக்கினு இருந்த.

— ஓ.

— தனியா. தானா சிரிச்சிக்கினு. நடு நடுவுல படையலுக்கு வெச்ச மல்லாட்டக் கடலய எடுத்து வாயில போட்டுக்கினு.

— நாலு கல்லயும் ஒரே வாரா வாரினேனே, அதப் பாத்தியா?

— அண்ணி! நான் பயந்து சாவுறேன், நீ வெளயாட்டு பேசுற.

— ஏண்டி சாவணும்? பாத்த, சரி. யார் கிட்ட சொன்ன?

— புள்ளைக்கு போர்வ வெலகுது பாரு.

— ஆதிலட்சுமி. யார் கிட்ட சொன்ன?

— அம்மா கிட்ட.

— அடிப்பாவி!

— சாமி சத்தியமா வேணும்னு சொல்லல அண்ணி. ஒனக்கு பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு நெனச்சிட்டேன். கெணத்தாண்ட நின்னு அழுதுக்கினு இருந்தேன். அம்மா வந்து இன்னாடின்னுச்சு. 'அண்ணி உள்ள தனியா கல்லு ஆடுது, தானா சிரிக்குது'ன்னு வாயில வந்துடுச்சு.

— அதுக்கு ஒங்கம்மா இன்னா சொன்னாங்க?

— 'சாமி ரூம்ப எட்டிப் பாப்பியாடி நீ'ன்னு தொடையில நறுக்குன்னு கிள்ளுச்சு. அப்பறம் கையத் தூக்கி ஒரு கும்புடு போட்டுட்டு, 'இத்தினி நாளும் அங்காளம்மான்னு நெனச்சிக்கினு இருந்தோம். வர்றது ஏரிக்கர கன்னிமாருடி. ஏழு பொண்ணுங்களும் ராத்திரியில கரமேல ஒக்காந்து கல்லாடுவாங்க, கேட்டதில்லயா?'ன்னுச்சு.

— கன்னிமாரா?

— கன்னிமாரு.

— மூணு புள்ள பெத்தவ மேலயாடி கன்னிமாரு வருவாங்க? வேற எடமே கெடைக்கலயாமா?

— சிரிக்காத அண்ணி. ஜவுளிக்கட கனகராஜ் பொண்டாட்டி கிட்ட அம்மாவே சொல்லிடுச்சு. அது தெருவு பூரா சொல்லிடுச்சு. நாளைக்கு எல்லாரும் வெத்தல பாக்கு, எலுமிச்சம்பழத்தோட குறி கேக்க வர்றாங்க. கிருமாம்பாக்கத்துலேந்து குழந்தைவேல் பூசாரி வர்றாரு. உடுக்க அடிச்சி கன்னிமார கூப்புடுவாராம்.

— எங்க? கதவுக்கு வெளியவா?

— கதவத் தொறந்து வெச்சிதான். மூடி வெச்சா குறி எப்பிடி கேக்கறது?

— கதவத் தொறந்தா?

— ஆமா.

— ஆதி, அந்தக் கதவு ஒண்ணுதாண்டி எனக்கு இருக்குது இந்த வூட்டுல.

— அதுக்குதான் சொல்றேன், தலவலின்னு படுத்துக்கன்னு. இன்னொண்ணும் இருக்குது. குறி சொல்றதுக்கு முன்னாடி ஒன் கையில கற்பூரம் ஏத்துவாராம். நெச சாமின்னா சுடாதாம். கைய ஒதறினா நடிப்பாம். அண்ணன் கடையில, எண்ணக்கட மாரிமுத்து கிட்ட சொல்லுது, நான் காதால கேட்டேன். 'சாமின்னா கும்புடறேன். நடிப்புன்னா அன்னிக்கே திருவாண்டார்கோயிலுக்கு பஸ் ஏத்தி பொறந்த வூட்டுல வுட்டுடுவேன். புள்ளைங்கள குடுக்க மாட்டேன்'னு.

— ஒங்கண்ணன் அப்பிடியா சொன்னாரு?

— ஆமா அண்ணி.

— சர்த்தான். மூணயும் வெச்சிக்கினு ஒரு நாளு இருக்கட்டும் அந்த மனுசன். சாயங்காலத்துக்குள்ள அவருக்கு சாமி வரும்.

— ஐயோ அண்ணி!

— எனக்கும் பயமாதாண்டி இருக்குது. நீ பாக்கறதுக்காவ சிரிக்கறேன். தா, இவன புடி. ஏப்பம் வரல. முதுவ தட்டு. மெதுவா.

— ஏன் அண்ணி இப்பிடி பண்ணின? அண்ணன் கிட்டயே கேட்டிருக்கலாம் இல்ல?

— கேட்டேனே. சின்னவன் பொறந்து மூணு மாசத்துல கேட்டேன். 'வாரத்துல ஒரு மணி நேரம் புள்ளைங்கள பாத்துக்கறியா'ன்னேன். 'ஒரு மணி நேரத்துல நீ இன்னா பண்ணப் போற'ன்னாரு. ஒண்ணும் பண்ணப் போறதில்லன்னேன். 'ஒண்ணும் பண்ணாததுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்'னாரு. மளிகக் கடக்காரரு. எதயும் தராசுல வெச்சிப் பாக்கணும் அவருக்கு.

— அதுக்காவ சாமி பேர சொல்றதா? கண்ணு அவிஞ்சி பூடும் அண்ணி.

— மொத நாளு நான் சொல்லலடி. அதுவா வந்துச்சு. ஞாபகம் இருக்குதா ஒனக்கு? பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சி போச்சு. ராமு செவுத்துல தலைய முட்டிக்கினு கத்துறான். ஜெயமணி பாவாடையோட வெளிக்கி போயிட்டு நிக்குது. இவன் மாருல தொங்குறான். ஒங்கண்ணன் கடையிலேந்து காப்பின்னு கொரல் குடுக்கறாரு. ஒங்கம்மா தோட்டத்துலேந்து உமையான்னு கூப்புடறாங்க. எங்கேந்து வந்துச்சுன்னு தெரியாது, 'ஆஆ'ன்னு கத்தினேன் பாரு. தலமுடி அவுந்து போச்சு. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது.

— நான் ஜெயமணிய தூக்கிக்கினு ஓடிட்டேன்.

— கண்ணத் தொறந்து பாக்கறேன், ஒங்கண்ணன் கைய எடுத்து கும்புட்டுக்கினு நிக்கறாரு. தாயேங்கறாரு. கல்யாணம் ஆனதுலேந்து அன்னிக்குதாண்டி அந்த மனுசன் என் மூஞ்சப் பாத்துப் பேசினாரு.

— அன்னிக்கு வந்தது நெச சாமியா?

— எனக்கு எப்பிடித் தெரியும்? உள்ள இட்டுனு போயி ஒக்கார வெச்சி கதவ சாத்தினாங்க. அப்பிடி ஒரு அமைதி. என் மூச்சு எனக்கே கேக்குது. என் கையில யாருமே இல்ல. அழுதேன், அப்பறம் தூங்கிட்டேன். அடுத்த வெள்ளிக்கெழம சாமி வரல. நான் போயி கூப்புட்டுக்கினேன். சும்மா ரெண்டு ஆட்டு ஆட்டினேன், கதவ சாத்திட்டாங்க.

— புள்ளைங்க மேல ஒனக்கு ஆச இல்லயா அண்ணி? கோச்சிக்காத. கேக்கணும்னு தோணுச்சு.

— கேளு. யாரும் கேட்டதில்ல. சாமி வர்றதுக்கு மொத வாரம் ஒரு நாளு, கெணத்து மேல சாஞ்சிக்கினு நின்னேன். இவன் இடுப்புல. காலையிலேந்து அழுகையான அழுக. எனக்கு தண்ணி மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சுது. இன்னா நெனச்சேன்னு கேக்காத. வாளி கயிறு கையில பட்டு சுரீர்னுச்சு, அப்பதான் நெனவு வந்துச்சு. அன்னிலேந்து கெணத்தாண்ட இவன இட்டுனு போறதில்ல நான். நீதான் தண்ணி சேந்துற. ஏன்னு நீயும் கேட்டதில்ல.

— அண்ணி...

— அழுவாத, இவன் முழிச்சிக்குவான். இப்ப சொல்றேன் கேளு. வெள்ளிக்கெழம கதவத் தொறந்துக்கினு வெளிய வரேன் பாரு, அப்ப மூணயும் ஒண்ணா வாரி மடியில போட்டுக்கணும்னு கையி பரபரங்குது. இவன் தல வாசன அப்பதான் மூக்குக்கே தெரியுது. மத்த நாள்லயும்தான் தூக்கறேன், மூட்ட தூக்கறாப்பல. ஆச இல்லாமயா அந்தக் கதவ சாத்திக்கறேன்? ஆச தீந்து போயிடக் கூடாதுன்னுதாண்டி சாத்திக்கறேன்.

— இத அம்மா கிட்ட சொல்லலாம் இல்ல?

— ஒங்கம்மா கிட்டயா? ஒம்போது பெத்து ஆற காப்பாத்தினவங்க. ஒக்காந்து நீ பாத்திருக்கியா?

— சாப்புடும்போது கூட நின்னுக்கினுதான் சாப்புடும்.

— அவங்க கிட்ட போயி எனக்கு ஒக்காரணும்னு சொன்னா, நாங்கல்லாம் பெக்கலயான்னுவாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். மொத வாரம் சுண்டல் வெச்சாங்க படையலுக்கு. நான் தொடல. அடுத்த வாரத்துலேந்து மல்லாட்டய வறுத்து, தோலு ஊதி, வெல்லத்தோட வெக்கறாங்க. எந்த ஊருல சாமிக்கு வறுத்த மல்லாட்ட வெக்கறாங்கன்னு தெரியல. எனக்கு வசதியாப் போச்சு.

— கொறட்ட நின்னுடுச்சு அண்ணி.

— யாருது?

— அம்மாவுது.

— பொரண்டு படுத்திருப்பாங்க. நீ விசயத்துக்கு வா. பூசாரி ஒன்னயும் கேப்பாரா?

— அதான் பயமே. கன்னிமாரு வந்தத மொதல்ல பாத்தவ நாந்தானாம். கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணணுமாம். பொய் சத்தியம் பண்ணினா நாக்கு வெந்துடும். நெசத்த சொன்னா ஒன்ன பஸ் ஏத்திடுவாங்க. நான் எத அண்ணி சொல்றது?

— நெசத்த சொல்லு.

— அண்ணி!

— ஜன்னல்ல பாத்தேன், கல்லு ஆடிச்சு, சிரிச்சுது, மல்லாட்ட தின்னுச்சு. இவ்வளவுதான பாத்த? அத சொல்லு. கன்னிமாருன்னு நீயா சொன்ன? ஒங்கம்மா சொன்னாங்க. ஒன் நாக்கு ஒண்ணும் வேவாது.

— அப்ப நீ படுத்துக்க மாட்ட?

— எதுக்கு படுத்துக்கணும்? இந்த வாரம் தலவலி, அடுத்த வாரம் வயித்து வலி, அப்பறம்? தெருவே தேடி வருது குறி கேக்க. சொல்லிட்டாப் போச்சு.

— கையில கற்பூரம்?

— மூணு புள்ள பெத்தவளுக்கு ஒரு வில்ல கற்பூரமாடி பெருசு? சோறு வடிக்கறப்ப கஞ்சி கொட்டி கையி வெந்துச்சே, அப்ப யாருனா கேட்டாங்களா? ஒதற மாட்டேன். வெந்தா வேவட்டும்.

— குறின்னு இன்னா அண்ணி சொல்லுவ? கனகராஜ் பொண்டாட்டி, பாண்டியில ரெண்டாவது கட வெக்கலாமான்னு கேக்குமாம். மாரிமுத்து பொண்டாட்டி, புருசன் குடிய நிறுத்தணும்னு கேக்குமாம்.

— யாரு இன்னா கேட்டாலும் ஒரே குறிதான். கேட்டுக்க. 'ஏரிக்கர கன்னிமாரு சொல்றோம். வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சதும், இந்தத் தெருவுல புள்ள பெத்தவ ஒவ்வொருத்தியும் கதவ சாத்திக்கினு தனியா ஒக்காரணும். ஒரு வேலயும் செய்யக் கூடாது. அவளாண்ட ஒருத்தனும் போவக் கூடாது. புள்ளைங்கள பெத்தவன் இடுப்புல தூக்கணும்.'

— தூக்கலன்னா?

— 'தூக்காதவன் கடையில சனிக்கெழம போணி ஆவாது!'

— ஐயோ! அண்ணன் போணி ஆவலன்னா பச்சத்தண்ணி குடிக்காதே!

— கடத்தெருவுல ஒருத்தனும் குடிக்க மாட்டான். பாரேன், வெள்ளிக்கெழம ஆனா துணிக்கட, வெங்கலக்கட, எண்ணக்கட எல்லாரு இடுப்புலயும் ஒண்ணு ஒண்ணு தொங்கும்.

— மாரிமுத்து அஞ்சு புள்ளைங்களயும் எங்க தொங்க வுடும்?

— அது அவன் பாடு. பெத்தப்ப கேட்டானா?

— பொய்யில்லயா அண்ணி இது? கன்னிமாரு கோவிச்சிக்க மாட்டாங்களா?

— ஏழு பொண்ணுங்களும் இன்னாத்துக்குடி ஊர வுட்டு ஏரிக்கரையில போயி ஒக்காந்திருக்காங்க? வூட்டுல ஒக்கார வுட்டிருக்க மாட்டாங்க. அவங்களுக்குப் புரியும். எதுக்கு சிரிக்கற?

— அண்ணன ராமுவோட நெனச்சிப் பாத்தேன். பயம் கொஞ்சம் போன மாதிரி இருக்குது.

— இன்னும் கை சில்லுன்னுதான் இருக்குது ஒனக்கு. போ, போயி படு. இவன குடு. ஏப்பம் வுட்டுட்டான் பாரு, என் ராசா.

— ஏய் உமையா.

— அண்ணி, அம்மா! அம்மா முழிச்சிக்கினு இருக்குது!

— அத்த... நீங்க இன்னும் தூங்கலயா?

— தூங்கினா இந்த வூடு வெளங்கிடும். ஆதி, வாய மூடு. நீ பாட்டுக்கு ஊரக் கூட்டிடாத. உமையா, கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி உள்ளங்கையில சந்தனத்த தடிப்பா அப்பிக்க. காய வுடாத. நாளைக்கு நானே அரச்சி வெக்கறேன்.

— அத்த, நீங்க... எப்பத்துலேந்து கேட்டுக்கினு இருக்கீங்க?

— மொத வெள்ளிக்கெழமலேந்து.

— அப்ப மல்லாட்ட? கன்னிமாரு?

— இவ வாய வுட்டுட்டா. பைத்தியம்னு ஊரு சொல்றதுக்குள்ள சாமின்னு நான் சொன்னேன். இப்ப அதுவாடி பேச்சு? அந்தக் குறி இருக்குதே, அத மட்டும் ஒரு எடத்துல மாத்திக்க.

— எந்த எடத்துல அத்த?

— 'புள்ள பெத்தவ'ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாத. பெத்து முடிச்சவளயும் சேத்துச் சொல்லு.