கருவி விழித்த இடம்

ஆய்வுக்குப் போகும் வீடுகளில் நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. வீட்டுக்காரர் கையால் ஒன்றை வாங்கிவிட்டால், பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கெட்ட செய்தி சொல்ல வாய் வராது. தங்கை வீட்டில் மட்டும் தேநீர் குடித்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், ஐயா. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் எரிவாயுக் கிணறுகள் தோண்டினார்கள். வற்றியதும் சிலவற்றை முறையாக அடைத்தார்கள். சிலவற்றில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவற்றின் மேல் இப்போது வீடுகள் இருக்கின்றன. யாருக்காவது சந்தேகம் வந்தால் நான் போய்ப் பார்த்துச் சொல்வேன்.

தங்கைக்கு அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தது நான்தான். அவள் கணவருக்கு வேறொரு வீடு பிடித்திருந்தது. நான் விடவில்லை. மனையைச் சோதிக்கவும் இல்லை. தெரு நன்றாக இருந்தது, அதனால் வீடும் நல்ல வீடு என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அதைக் குத்திக்காட்டாத விருந்து கிடையாது. "பூமிக்குள்ள இருக்கறதெல்லாம் மச்சான் கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேல கூரை ஒழுகறதுதான் தெரியாது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு மழைக்குப் பிறகு தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, சமையலறைக்குப் பின்னால தேங்கின தண்ணி கொதிக்கற மாதிரி குமிழ் விடுது. தொட்டா சில்லுன்னு இருக்கு. அடுப்புகிட்ட நின்னா தலை சுத்துது. அவர்கிட்ட சொன்னா, சமைக்காம இருக்க நல்ல சாக்குங்கறார்."

அந்த ஆய்வை அலுவலகத்தில் நானே கேட்டு வாங்கினேன். உறவுக்காரர் வீடு என்று சொல்லவில்லை.

பின்பக்கத்தில் ஒரு வட்டத்துக்குப் புல் கருகியிருந்தது. சோதனைக் கம்பியை மண்ணில் இறக்கினேன். ஒரு சாண் ஆழத்தில் இரும்பு தட்டியது. மண்ணைச் சுரண்டினேன். பழைய எரிவாயுக் கிணற்றுக் குழாயின் துருப்பிடித்த விளிம்பு, மூடி இல்லை. மண்ணைத் திரும்பத் தள்ளி, காலால் மிதித்துச் சமன் செய்தேன்.

வாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை வெளிக்காற்றில் வைத்துத்தான் முடுக்க வேண்டும். எந்தக் காற்றில் விழிக்கிறதோ, அதையே அது சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்ளும். நான் அதைச் சமையல் மேடைக்குக் கீழே, தரை விரிசலின் வாயில் வைத்து முடுக்கினேன். பிறகு அறை அறையாகக் கொண்டு போனேன். எல்லா அறையிலும் பூஜ்யம்.

தலைசுற்றலுக்குப் பயந்து அவள் எப்போதும் சன்னல்களைத் திறந்தே வைத்திருந்தாள். இனி அவசியமில்லை என்று சொல்லி நானே சாத்தினேன். கடைசிச் சன்னலின் தாழ் இறுகியிருந்தது. உள்ளங்கையால் தட்டி இறக்கினேன்.

அந்த வாரமே ஒரு காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சமையலறை வெடித்தது, அவள் பிழைக்கவில்லை.

மருத்துவமனையில் மாப்பிள்ளைக்கு இரண்டு கைகளிலும் கட்டு. "நீங்க பாத்தீங்களே மச்சான். ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படி?" அவர் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை.

கருவி பழுது என்று அலுவலகம் சொல்கிறது. கருவியில் பழுதில்லை. அதை என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் சிரிப்புக்குப் பயந்து செய்தேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடமும் அதையே சொல்ல நினைத்து வந்தேன். ஆனால் நான் ஆய்வுக்குப் போன அன்று அவர் வீட்டில் இல்லை. தங்கை ஏதோ வேலை சொல்லி அவரை வெளியே அனுப்பியிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும் சமையலறையில் நின்றோம்.

"அண்ணா, இருந்தா இருக்குன்னு சொல்லிடு. வீடு எனக்குப் பிடிக்கலை, வேற பாக்கலாம்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். உன் பேரையே எடுக்க மாட்டேன்."

கருவியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "என் மேலேயே சந்தேகமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "தப்பா எடுத்துக்காதண்ணா. ஏதோ பயத்துல கேட்டுட்டேன்" என்றாள்.

பரவாயில்லை என்றேன்.