தெற்கு ரதவீதிச் சந்தில் ஆறு வீடுகள்

புதுச் சுண்ணாம்பு வாசனை சிலருக்கு ஆகாது, தலை வலிக்கும் என்பார்கள். எனக்குப் பிடிக்கும். ஈரச் சுவரில் கையை வைத்தால் உள்ளங்கை மெல்லக் குளிரும். விரோதிகிருது வருஷம் ஆனி மாதம் முழுவதும் நான் அந்த வாசனையில்தான் இருந்தேன்.

என் பெயர் பிரம்மநாயகி. அந்த வீடுகளைக் கட்டி விற்ற பாபநாசம் பிள்ளையின் மனைவி. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் எழுத வரும். இன்ஸ்பெக்டர் ஐயா, தாங்கள் நேற்று எழுதி எனக்கு வாசித்துக் காட்டிய வாக்குமூலம், ஒரு வரியைத் தவிர, சரியாகவே இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இதை என் கைப்பட எழுதுகிறேன்.

முதலில் வீடுகளைப் பற்றி. தெற்கு ரதவீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். ஒவ்வொன்றிலும் முன்கட்டு, உள்ளறை, அடுப்படி, சின்ன முற்றம். ஆறுக்கும் பொதுவாக ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சந்து முனையில் ஜவுளிக்கடை. நாலு கடை தள்ளி அல்வாக்கடை. மத்தியானம் நெய் வாசனை சந்துக்குள் வரும். கோயில் மணி அடுப்படியில் கேட்கும். ஆனித் தேருக்கு ஊரெல்லாம் நெருக்கியடித்து நிற்கும்போது இந்த வீட்டுக்காரர்கள் சந்து முனைக்கு வந்து நின்றால் போதும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் ஒன்றரை முழக் கனம். பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்காது. பிள்ளைகுட்டியுள்ள குடும்பங்களுக்கென்றே கட்டியதால், ஒவ்வொரு உள்ளறை உத்தரத்திலும் தொட்டில் கொக்கி அடித்துக் கொடுத்தோம். அது என் யோசனை. கொல்லனிடம் நானே சொல்லிச் செய்தேன்.

ஸ்ரீவைகுண்டத்து வயலை விற்று என் கணவர் இதைக் கட்டினார். வேறு சொத்து எங்களுக்கு இல்லை.

ஆனி மாதத்தில், வரிசையின் முதல் வீட்டுச் சுவர்களை உலர்த்தினார்கள். கொத்தனார் அருமைநாயகம் பெரிய இரும்புச் சட்டிகளில் கரிக் கங்குகளைக் கொட்டி, அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். நான் எட்டிப் பார்க்கப் போனேன். தடுத்தார்.

"உள்ள போவாதீக அம்மா. சாயந்தரம் கதவத் தொறந்து காத்தாட விட்டப் பொறவு பாருங்க."

"புகையே இல்லையே."

"அதான் மோசம். புகைஞ்சா இருமிக்கிட்டு எந்திரிச்சு ஓடிருவான். இது தூங்க வச்சிரும். போன வருசம் மேலப்பாளையத்துல ஒரு பய மழைக்கு ஒதுங்கி உள்ள படுத்துட்டான். காலைல பாத்தா மூஞ்சி மாப்பிள்ள கணக்கா செவந்து கெடக்கு. ஆளு இல்ல."

அவர் சொன்னதை நான் மறக்கவில்லை என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயத்தைக் கேட்டு நினைவில் வைத்திருப்பது குற்றமில்லை.

அதே வாரம் நீலாம்பாளிடமிருந்து கடிதம் வந்தது. அவள் என் சித்தி மகள். சித்தி இறந்துபோனதால் அவளுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. புருஷன் சிவசண்முகம் கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். தனக்கு ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லையே அக்கா என்று ஒரு வரி. வா என்று எழுதினேன்.

ஆவணியில் வீடு பார்க்க முதல் ஆட்கள் வந்தார்கள். கோர்ட்டுக் குமாஸ்தாவின் மனைவி உலகம்மாள், மூன்று பிள்ளைகள், கூட நாலு பெண்கள். அடுப்படியைப் பார்த்தாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தாள். பிள்ளைகள் கொக்கியைப் பார்த்துக் குதித்தார்கள்.

"வீடு லெச்சணமாத்தான் இருக்கு மதினி. மனைதான் யோசனையா இருக்கு."

"மனைக்கு என்ன?"

"வம்சமத்த மனைல்லா. இங்கன இருந்த குடும்பத்துல வெளக்கேத்த ஒரு பிள்ள மிஞ்சலியே. அந்த மாதிரி மண்ணு மொதக் குடிகிட்ட ஒரு காவு கேக்கும்னு சொல்லுதாவ. ஒண்ணு எடுத்துட்டா அடங்கிரும். மொதல்ல வேற யாராச்சும் வரட்டும், நாங்க ரெண்டாவதா வாரோம்."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீய. நீங்களும் அண்ணாச்சியும் மொத வீட்டுல குடியிருங்களேன். உங்ககிட்ட எடுக்கதுக்கு என்ன இருக்கு?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் அவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பினேன். எனக்குக் கலியாணமாகிப் பதினான்கு வருஷம். அந்த மாதிரிச் சிரிப்பு புதிதல்ல.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். வீடு பிடித்திருக்கிறது, கோயில் பக்கம், கடை பக்கம், ஆனால் முதல் ஆளாக வரமாட்டோம். ஆறு வீடும் பூட்டிக் கிடந்தன. என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறகு காலைச் சாப்பாட்டை. ஒருநாள் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

நீலாம்பாள் ஐப்பசியில் வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வீட்டைத் திறந்து காட்டினேன். தயங்கினாள்.

"மாசமா இருக்கவ புது வீட்டுக்குப் போகலாமா அக்கா?"

"பால நான் காய்ச்சுதேன். நீ விருந்தாளி மாதிரி பைய வந்து இரு."

"அத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாகளே?"

"உனக்குன்னு ஒரு வீடு. அதுல பிள்ளையப் பெத்துக்கோ. அவன் வந்து கூட்டிட்டுப் போறப்ப வீட்டுக்காரி மாதிரி வாசல்ல நிக்கலாம்."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் எங்கும் குறை சொன்னதில்லை.

கார்த்திகை இரண்டாம் வாரம் பெண் குழந்தை பிறந்தது. அடைமழை. உலகம்மாள் வந்து வாசலில் நின்றே விசாரித்தாள்.

"மண்ணு சும்மா இருக்கே, அதிசயம்தான். தாயும் பிள்ளையும் தை வரைக்கும் நல்லா இருக்கட்டும் மதினி. இருந்தா நானே மொத ஆளா வந்து பத்திரம் எழுதுதேன்."

தை வரை ஏன் காத்திருக்கவில்லை என்று தாங்கள் கேட்டீர்கள். தையில் சிவசண்முகம் வருவதாக எழுதியிருந்தான். வந்திருந்தால் நீலாம்பாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறியிருப்பாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்து மருத்துவச்சி இசக்கியம்மா போய்விட்டாள். பதினெட்டாம் நாள் மத்தியானம் நான் நீலாம்பாளுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளின் அறையில் குளிருக்குக் கணப்புச் சட்டி வைப்பது வழக்கம். எல்லா வீட்டிலும் கையகலச் சட்டியில் நாலு கங்கு இருக்கும். நான் அன்று கொத்தனாரின் சட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்தேன். பின்கட்டில் கரியை நன்றாகக் கனிய விட்டேன், புகை அடங்கும்வரை. பழந்துணி சுற்றிப் பிடித்து உள்ளே இழுத்து வைத்தேன்.

"இவ்வளவு எதுக்கு அக்கா?"

"சுவரெல்லாம் ஈரம். உனக்குச் சளி பிடிச்சா பிள்ளைக்கும் பிடிக்கும்."

"பிள்ள எங்கன?"

"நான் வச்சிருக்கேன். நீ தூங்கு. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேல்லா."

பத்தமடைப் பாயில் சுருண்டு படுத்தாள். ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் நனைத்த சேலையை நெருக்கி வைத்தேன். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நாதாங்கியைப் போட்டேன்.

மனை கேட்டது ஒரு உயிர். இரண்டு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் குழந்தையை இரண்டாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இதைத் தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பசும்பாலும் ஊட்டுகிற பாலாடையும் முன்பே அங்கே எடுத்து வைத்திருந்தேன், குழந்தை அழக் கூடாதே என்று. நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊட்டினேன். முதலில் துப்பியது. பிறகு பழகிக்கொண்டது. குழந்தைகள் சீக்கிரம் பழகிக்கொள்ளும். முதுகுக்குச் சுவர் இதமாக இருந்தது.

ஒரு தடவை அக்கா என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சுவரில் பேச்சு கேட்காது. வாங்க வருகிறவர்களிடம் நாங்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

சாயரட்சை மணி அடித்ததும் போய்க் கதவைத் திறந்து காற்றாட விட்டேன். சட்டியை எடுத்துக் கிணற்றடியில் அவித்தேன். கணப்புச் சட்டியில் நாலு கங்கு போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். பிறகுதான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அவள் கதவுப் பக்கம் தலை வைத்துக் கிடந்தாள். முகம் கொத்தனார் சொன்ன மாதிரியே சிவந்திருந்தது. பெண்கள் எல்லோரும் அந்தக் களையைப் பற்றியே பேசினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளை பெற்ற இடத்தில் சாவு நடக்கக்கூடியதுதானே.

உலகம்மாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். பதினாறு கழிந்ததும் புருஷனோடு வந்தாள்.

"மகராசி, மனைக்கு வேண்டியதக் குடுத்துட்டுப் போயிட்டா. இனி கேக்காதுல்லா. எங்களுக்கு மொத வீட்டையே குடுங்க மதினி. இனி அதான் பத்திரம்."

முதல் வீட்டுக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். தைக் கடைசிக்குள் ஆறு வீட்டிலும் பால் காய்ச்சியாயிற்று. என் கணவர் பழையபடி இரண்டு வேளையும் சாப்பிட்டார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. இன்று அந்தச் சந்தில் பத்தொன்பது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தாங்களே போய்ப் பார்க்கலாம்.

கொழும்புக்கு நான்தான் கடிதம் எழுதினேன். தாயும் குழந்தையும் போய்விட்டார்கள் என்று. துக்கத்தை ஒரேயடியாகக் கொடுப்பது நல்லது. பாதி கொடுத்தால் மனிதன் அந்த மீதியை நினைத்து அலைவான். தையில் வருவதாக இருந்தவன் வரவில்லை.

ஐந்தாம் வருஷம், இந்த நள வருஷம் சித்திரையில் எங்கள் வடக்கு ரதவீதி வீட்டு வாசலில் வந்து நின்றான். நீலாம்பாள் இறந்த அறையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றான். தண்ணீர்ச் செம்பைக் குழந்தை கொண்டுவந்தது. அவன் செம்பை வாங்கவில்லை.

"இது யாரு அக்கா?"

"வடிவு. எங்க பிள்ள."

"நீலா சாடையால்லா இருக்கு."

"சொந்தம்தானே. சாடை இருக்கத்தான் செய்யும்."

அவன் சந்துக்குப் போனான். அங்கே அருமைநாயகம் ஒரு சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். உலகம்மாள் குழந்தை பிழைத்ததைச் சொன்னாள். கொத்தனார் அன்று சாயந்தரம் கிணற்றடியில் தன் சட்டி நனைந்து கிடந்ததைச் சொன்னார். மீதி தங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த வரி. 'பிள்ளை இல்லாத காரணத்தால், பிள்ளையை அபகரிக்கும் பொருட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட வேண்டும். நான் செய்தது வீடுகளுக்காக. கதவைச் சாத்தியது நான், சேலையை வைத்தது நான், நாதாங்கியைப் போட்டது நான். நீலாம்பாளைக் கொன்றேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காரணத்தை மட்டும் எழுதாதீர்கள். வடிவு பெரியவளாகி அதை வாசிப்பாள். அவளைச் சிவசண்முகம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளுக்கு முருங்கைக்கீரை ஒத்துக்கொள்ளாது. அதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கொல்லனைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அவன் சொன்னது சரி. ஆனி மாதம் நான் செய்யச் சொன்னது ஏழு கொக்கிகள். உலகம்மாள் வீடு பார்க்க வந்தது ஆவணியில். அதற்கு முன் காவு என்ற பேச்சை யாரும் என்னிடம் எடுத்ததில்லை. அதுவும் சரி. ஏழாவது கொக்கியை, நீலாம்பாள் கடிதம் வந்த மறுநாள், வடக்கு ரதவீதியில் எங்கள் உள்ளறை உத்தரத்தில் அடிக்கச் சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை ஐயா. வீடு என்று இருந்தால் ஒரு கொக்கி இருக்கட்டுமே என்றுதான்.