பச்சை அட்டை

மருந்துக் கடையில் பதினொரு வருஷம் நின்றே வேலை பார்த்தவனுக்கு, உட்கார்ந்தால்தான் முட்டி வலிக்கும். இருந்தாலும் நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி, இன்ஸ்பெக்டர் சார். தமிழிலேயே எழுதுகிறேன். கன்னடத்தில் யாராவது பெயர்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் காளிதாஸ். மண்டி மொஹல்லாவில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். மனைவி பூங்குழலி, ஹனூர்ப் பக்கம். கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. நான் அதிகம் பேசாதவன்.

போன வருஷம், தொண்ணூற்றைந்தில், மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்பில் படை வந்தது. களிம்புக்கு அடங்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். எங்கள் கடையில் அது பச்சை அட்டையில் வரும். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் ஒரு சீட்டில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள், அடுத்த தடவை மூச்சே அடைக்கலாம் என்றார். சீட்டை என்னிடம் கொடுத்தார். எனக்குத்தான் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.

அவள் படுத்திருந்த ஒன்பது நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கடைக்குப் போகாமல் கஞ்சி வைத்தேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தலை வாரிவிட்டேன்.

"ஏனுங்க, மொதலாளி வையமாட்டாருங்களா?"

"வைஞ்சா வையட்டும்."

"நல்ல ஆளுங்க. பொண்டாட்டி மூஞ்சி பன்னு மாதிரி வீங்குனாத்தான் பக்கத்துல உக்கார்றீங்க."

வீங்கிய உதட்டில் சிரிப்பு கோணலாக வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

தடிப்பு அடங்கியது. மீதி மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, காலியான பச்சை அட்டையை அவள் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள். தலைவலிக்கு மாத்திரை கொண்டுவந்தால்கூட அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். மருந்தின் பெயர் தெரியாது, அட்டையைத் தெரியும். ஒரே மருந்தை நான்கு கம்பெனிகள் நான்கு நிறத்தில் போடும். யாரும் கேட்காததால் நான் யாருக்கும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்த ஜூனில் ஹெப்பாளில் ஒரு பாக்டரியில் அவளுக்குப் பேக்கிங் வேலை கிடைத்தது. பக்கத்து வீட்டு ஜீவிதா சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. சேர வேண்டிய திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வரும். இரண்டு பேரும் வாசலில் நின்று அதைப் பற்றியே பேசிச் சிரிப்பார்கள். நான் உள்ளே இருப்பேன்.

அதற்கு முந்தின வாரம் படை திரும்பி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளை அட்டையில் மாத்திரை கொண்டுவந்தேன்.

"இது அது இல்லீங்களே?"

"நீயே பாரு."

இரண்டு அட்டைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அது பச்சை, இது வெள்ளை. சரிங்க. திங்கக்கெழம சொறிஞ்சுக்கிட்டுப் போய் நின்னா மொத நாளே தொரத்தீருவாங்க." விழுங்கினாள்.

கொஞ்சம் உதடு வீங்கும், தடிப்பு வரும், பஸ் போய்விடும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்றாள். பிறகு குரல் கம்மியது. மூச்சு விசில் மாதிரி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். தணிந்துவிடும் என்றுதான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜீவிதாதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில், முன்பு ஏதாவது மருந்து சேராமல் போனதா என்று கேட்டார்கள். பூங்குழலி என்னைப் பார்த்தாள். அவளால் பேச முடியவில்லை. இல்லை என்றேன். என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்த சிவப்பு மைச் சீட்டு, அப்போதும் அங்கேதான் இருந்தது.

ஏழரை மணிக்குப் போய்விட்டாள்.

மாத்திரையை நான்தான் கொடுத்தேன். என்ன மாத்திரை என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் நான் அவள்மேல் அக்கறை இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் முதலாளியைக் கேளுங்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, ஒன்பது நாள் லீவுக்கு வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்திருந்தேன்.