கடல் மூடியிருந்தும் வெளுக்காத கை

ஒரு தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினேன். அதை வாங்கிய கை சிவந்திருந்தது. நான் முதலில் கண்டது அவ்வளவுதான். அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

பிரிந்து கிடந்த எங்கள் ஊரைக் கரைவலையின் இரு கயிறுகளைப் போல இழுத்துச் சேர்த்து வைத்திருக்கும் சங்கத் தலைவர் சோமசேகரம் ஐயா அவர்களே! ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறி, இரத்தம் சோதிக்கும் பெட்டியை மடியில் வைத்துக் காத்துவந்த டொக்டர் ஸுல்பிகா அவர்களே! ஊசி குத்துவது தெரியாமல் கதை சொல்லும் தாதி அன்னலட்சுமி மிஸ்ஸி அவர்களே! காலை முதல் வரிசையில் நின்று சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி முன்னால் இருக்கும் தாய்மாரே, அக்காமாரே! வரிசைக்கு வராமல் தோணி நிழலில் இருந்துகொண்டு, "நாங்கள் சும்மா பார்க்க வந்தனாங்கள்" என்று சொல்லும் மாமாமாரே, சித்தப்பாமாரே, அண்ணாமாரே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன, உரத்துக் கதைக்கச் சொல்கிறீர்களா? ஓம், கதைக்கிறேன். இந்த ஒலிவாங்கி எனக்குக் கிட்ட வரப் பயப்படுகிறது. நானும் அதற்குக் கிட்டப் போகப் பயப்படுகிறேன். கொஞ்சம் பொறுங்கள், பழகிவிடுவோம்.

நான் ஆனந்தராசாவின் மகள் தவமலர். இடம்பெயர்ந்த ஆண்டில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உப்புவெளியில் ஒரு விடுதிக் குசினியில் சமையல் வேலை. நான் பேசப் பழகியவள் அல்ல. ஆனால் இன்றைக்கு நான் பேசாவிட்டால், அதோ அந்த மேசைக்கு முன்னால் போட்டிருக்கும் கதிரையில் மாலைவரை ஓர் ஆண்மகனும் வந்து இருக்கப்போவதில்லை. டொக்டரும் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். அது நடக்கக்கூடாது. அதனால் பேசுகிறேன்.

என் அப்பாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. இதில் என்ன புதுமை? கரைவலைக் கயிறு இழுக்கிறவன் கை சிவக்காதா? அம்பாப் பாட்டுப் பாடிப் பாடி வலைமடியைக் கரைசேர்க்கிறவன் கை வெளுத்தா இருக்கும்? நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் அப்போது கடல் மூடியிருந்தது. மறந்துவிட்டீர்களா? கடலில் இறங்கப் பாஸ் இல்லை என்றார்கள் ஆமிக்காரர். கடற்கரைப் பாதையில் முள்ளுக்கம்பி போட்டார்கள். தோணி மணலில் கிடந்தது. கயிறு மீன்வாடிக் கொட்டிலில் கிடந்தது. கயிற்றோடு சேர்ந்து எங்கள் வயிறும் சுருண்டு கிடந்தது. கயிறு தொடாத கைகள் எல்லாம் மெல்ல மெல்ல வெளுத்தன. கனகரத்தினம் மாமாவின் கை வெளுத்தது. தலைவர் ஐயாவின் கை வெளுத்தது. அப்பாவின் கை மட்டும் வெளுக்கவில்லை. கயிறு இல்லை, காய்ப்பும் உதிர்ந்துவிட்டது. பிறகு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

அதைக் கண்ட பிறகுதான் இன்னொன்று எனக்குப் பட்டது. அப்பாவின் சேட்டு.

வலை இழுக்கும்போது சேட்டுப் போடுகிற வழக்கம் எங்கள் கரையில் உண்டா? இல்லை. ஆனால் கடல் மூடுவதற்கு முந்திய மாதங்களில் அப்பா சேட்டுப் போட்டுத்தான் இழுத்தார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டி இழுத்தார். கரை முழுக்கச் சிரித்தது.

"என்னடாப்பா ஆனந்தராசா, பொம்பிளை பார்க்க வெளிக்கிட்டியோ?" என்று கேட்டவர் கனகரத்தினம் மாமா.

"பார்க்கிறது என்ன, பாரைமீன் இவனைக் கேட்டு வந்திட்டுது. சீதனம் மட்டும்தான் பேசவேணும்!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

இப்போதும் சிரிக்கிறீர்கள் மாமா. சிரியுங்கள், குற்றமில்லை. அப்பாவும் அன்றைக்குச் சிரித்தார். ஆனால் சேட்டைக் கழற்றவில்லை. சோதனைச்சாவடியில் சேட்டை உயர்த்தச் சொல்வார்களே என்று டவுனுக்குப் போவதையும் விட்டுவிட்டார். அந்தச் சேட்டுக்குள்ளே அவருடைய நெஞ்சு பெண்களுக்குப் போல வீங்கியிருந்தது. இதை மேடையில் சொல்லலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். "சொல்லு பிள்ளை. சொல்லாமல் வைச்சிருந்து நான் பட்டது போதும்" என்றார். அதனால் சொல்கிறேன்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன் அன்றைக்கு.

"கை சிவந்ததுக்கு ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போவினமோ? சனம் சிரிக்கும்."

"கை மட்டுமில்லை அப்பா."

அவர் கழுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பேச வராது, நிற்க வரும். மறுநாள் காலை வெளிக்கிட்டு, பஸ் வரும் இடத்தில் போய் நின்றேன். ஒரு பஸ் போனது. நின்றேன். அடுத்த பஸ்ஸும் போனது. நின்றேன். வெயில் ஏறியது. நின்றேன். கடைசியில், செருப்பைப் போட்டுக்கொண்டு அப்பா வந்தார்.

சோதனைச்சாவடியில் சேட்டை உயர்த்தச் சொன்னார்கள். அப்பா உயர்த்தினார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸுல்பிகா, "சேட்டைக் கழற்றுங்கோ ஐயா" என்றார்.

"பிள்ளை நிக்கிறா."

"நான் அங்கால பார்க்கிறன் அப்பா" என்று சொல்லித் திரும்பி நின்றேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒவ்வொரு பொத்தானாகக் கழல்வது கேட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"டொக்டர், இது ஆம்பிளைக்கு வாற வருத்தமோ?"

"ஆம்பிளையளுக்குத்தான் கூடுதலா வாறது ஐயா. உங்கட ஈரல் களைச்சுப் போச்சு. அதைத்தான் கையும் நெஞ்சும் சொல்லுது. இதில வெட்கப்பட என்ன இருக்கு?"

அன்பானவர்களே! ஆண் ஓமோன், பெண் ஓமோன் என்ற இரண்டு சுரப்புநீரும் எல்லா உடம்பிலும் உண்டாம். ஈரல் பழுதானால் பெண் ஓமோனைச் சரியாகக் கழிக்க முடியாமல் போகுமாம். அதனால்தான் கை சிவந்தது. அதனால்தான் நெஞ்சு வீங்கியது. எல்லாச் சிவப்பும் ஈரல் நோயல்ல, பயப்படாதீர்கள். ஆனால் அப்பாவின் இரத்தத்தில், இன்று இங்கே சோதித்துத் தேடுகிற, ஈரலைத் தின்னும் கிருமி இருந்தது. ஸ்கான் எடுத்தார்கள். ஈரலில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய்.

ஏன் ஆண்களுக்கு அதிகமாக வருகிறது? நானும் கேட்டேன். ஓமோன் தானாக எதையும் செய்யாதாம். அதை வாங்கி, சொன்னதைச் செய்விக்க ஒரு புரதம் வேண்டுமாம். அதற்குப் பெயரே வாங்கி. நமக்குத் தெரியாததா? மீன் கூட்டத்தைக் கண்டதும் கரையில் ஒருவர் துணி வீசுகிறார். தோணியில் இருப்பவர் அதைப் பார்த்து, வலையை விடச் சொல்கிறார். பார்க்க ஆள் இல்லாவிட்டால் துணி வீசி என்ன பயன்? துணி ஓமோன் என்றால், தோணியில் பார்க்கிறவர்தான் வாங்கி. ஈரலில் குடியேறிய கிருமி, ஆண் ஓமோனின் வாங்கியைத் தன் கூலியாளாக்கிக் கொள்கிறதாம். கிருமி பெருகவும் கட்டி வளரவும் அந்த ஆளே கை கொடுக்கிறாராம். பெண் ஓமோனின் வாங்கியோ பல வேளைகளில் குறுக்கே நின்று தடுக்கிறது போலத் தெரிகிறதாம். இப்படித்தான் ஆராய்கிறவர்கள் கண்டுவருகிறார்கள்.

என்ன மாமா? "அப்ப அந்த ஆளைத் தோணியால இறக்கிவிட ஏலாதோ" என்கிறீர்களா? நல்ல கேள்வி! டொக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். "ஆராயிற ஆக்கள் அதுக்கும் மருந்து குடுத்துப் பார்த்தவை பிள்ளை. இன்னும் சரிவரேல்லை. ஆனால் தேடுறதை விடேல்லை." கேட்டீர்களா? குண்டு விழுகிற காலத்திலும் எங்கோ ஓர் அறையில் யாரோ எங்கள் ஈரலுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்! அவர்கள் தேடலாம், நாம் ஒளிக்கலாமா? அவர்கள் விழித்திருக்க, நாம் தோணி நிழலில் இருக்கலாமா?

அப்பாவின் கட்டி சின்னதாக இருந்தது. சின்னதாக இருந்தபடியால் வெட்ட முடிந்தது. கொழும்பில் வெட்டினார்கள். ஒரு வருடமாகிறது. கடைசி ஸ்கானில் புதிதாக ஒன்றுமில்லை. "இனி வராது" என்று டொக்டர் சொல்லவில்லை. "பார்த்துக்கொண்டே இருப்பம்" என்றார். எங்களுக்கு அது போதும். கடல் திறந்துவிட்டது, ஆனால் கயிறு இழுக்க அப்பாவை இப்போது விடுவதில்லை. அவர்தான் கரையில் நின்று துணி வீசுகிறார். எந்தத் துணி தெரியுமா? கழுத்துவரை பூட்டியிருந்தாரே, அந்தச் சேட்டு! அதைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றுகிறார். வெட்டுத் தழும்பு வெயிலில் தெரிய நிற்கிறார். அந்தத் தழும்பைப் பார்த்துச் சிரித்த ஒருவரையாவது கண்டீர்களா?

சேட்டைப் பூட்டி வைத்திருக்கும் இன்னொருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். செங்கண்மாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்து மாறியது என்று மறந்துபோனவர் இருக்கலாம். கட்டி பெரிதாகும்வரை காத்திருக்கப் போகிறீர்களா? கடல் திறக்கும்வரை காத்திருந்தோம். அது நம் கையில் இல்லை. இது நம் கையில் இருக்கிறது. கையை நீட்டினால் போதும்!

பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும், டொக்டருக்கும், மிஸ்ஸிக்கும், என் சின்னக் குரலுக்காகக் காதைத் தீட்டியிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன்.

நெஞ்சைக் காட்ட வேண்டியவர்களுக்காக மேசைக்குப் பின்னால் சீலை கட்டி ஒரு மறைப்பு வைத்திருக்கிறார்கள். நான் இப்போது இறங்கிப் போய் அதன் வாசலில், கடலைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு முதுகு காட்டி நிற்கப் போகிறேன்.