செங்கல் நிறம்

– செங்கல்லுன்னா எந்தச் செங்கல்லுயா? பச்சையா காயறதா, சூளையில வெந்ததா?

– நல்லா வெந்து எறக்கினது. போதுமா? கம்பெனி கம்பவுண்டரு பலராமன் டியூப்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல காட்டறாரு. “கண்ணப்பா, இன்னாய்யா இது”ங்கறாரு. அந்த நீல மருந்துல மூத்திரத்தை ஊத்திக் காச்சினா, சக்கர இல்லன்னா நீலமாவே நிக்கணும்மே. செவந்து போயி, அடியில மண்டியா தங்கிக்கினு கீது.

– உன் கண்ணால பாத்தியா?

– பின்ன, பக்கத்து வூட்டுக்காரன் கண்ணாலயா பாத்தேன்?

– கோச்சிக்காத, சும்மாதான் கேட்டேன். உக்காரு மொதல்ல. செருப்பைக் கழட்டு, காலைப் பாக்கறேன்.

– கால் கெடக்குது வுடு. வேலையே போவுதுன்னு வந்து நிக்கறேன், இவ காலைப் பாக்கறாளாம். நான் இன்னா சொல்றேன், கங்கா, காலீல அந்த பாட்டில்ல நீ இன்னாத்த ஊத்தின?

– இன்னாத்த ஊத்துவாங்க? எப்பவும் ஊத்தறதுதான்.

– எப்பவும் ஊத்தறதுன்னா உன்னுதுதானே?

– தண்ணி குடிக்கிறியா? சித்திரை வெயில்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்துக்கீற.

– கம்பெனி பஸ்ஸு ஷிப்டு முடிஞ்சாத்தான் வரும். எனக்கு எங்க ஷிப்டு? காலீலயே வெளிய அனுப்பிட்டான். சரி, குடு தண்ணி. இன்னாமே பானையில ஒரு சொம்புதான் கீது? காலீலதானே ரெண்டு கொடம் கொண்ணாந்த?

– வெயிலு. நான்தான் குடிச்சேன்.

– குடி, குடி. உனுக்காச்சும் தொண்டை நனையட்டும்.

– யோவ், வேற யாரு பாட்டிலாச்சும் மாறிக்கிச்சா? அங்கதான் வரிசையா வெச்சிருப்பாங்கன்னு சொல்லுவியே.

– நானும் அதைத்தான் கேட்டேன். அந்த மனுஷன் இன்னா சொல்றாரு தெரியுமா? “இன்னிக்கு நீ ஒருத்தன்தான் கொண்ணாந்த, எங்கேந்து மாறும்”ங்கறாரு. என் எதிர்லதான் ஊத்தினாரு, என் எதிர்லதான் ஸ்பிரிட்டு வெளக்குல காச்சினாரு.

– அப்ப பாட்டிலு. டானிக் பாட்டில்தானே அது? போன மாசம் லேசா பச்சை அடிச்சப்ப, டானிக்கு ஒட்டிக்கினு இருந்திருக்கும்னு நீதானே சொன்ன?

– போன மாசம் நீ கழுவின. இந்த வாட்டி நானே சாம்பல் போட்டுக் கழுவி, வெந்நி ஊத்திக் கொதிக்க வெச்சேன். மோந்து கூட பாத்தேன். வாசனையே இல்ல.

– ஓ.

– இன்னா ஓ? அதுக்கு முந்தின மாசம் எப்படி இருந்துச்சு? கண்ணாடி கணக்கா நீலம். டாக்டரு தட்டிக் குடுத்தாரு. “பத்தியமா இருக்கிற போலருக்கே, கண்ணப்பன்”னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. பொண்டாட்டி மூத்திரத்தைக் குடுத்து நல்ல பேரு வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

– சிரிக்காதயா.

– எங்க சிரிக்கிறேன்? மூணு வாட்டி நீலம் வந்தா உலைக்கே திரும்பிப் போலாம்னு சொன்னாங்க. போன மாசத்துப் பச்சையை டானிக்குன்னு வுட்டுட்டாங்க, மூணாவது வாட்டிதான் இது. இப்ப இன்னான்னா, கம்பவுண்டரு எழுதித் தரலன்னதும் சூப்பர்வைசரு என் பேரை அடிச்சிட்டு, பர்னஸ் கிட்ட நிக்கக் கூடாதுங்கறான். “மயக்கம் போட்டு உள்ளார வுழுந்தா யாரு பதில் சொல்றது”ங்கறான். மூணு மாசமா மண்ணு சலிச்சிக்கினு கெடந்ததுல ஓவர்டைமும் போச்சு. இன்னும் ஒரு மாசம் போனா அன்ஃபிட்டுன்னு கணக்கு முடிச்சி அனுப்பிடுவான்.

– கம்பவுண்டரு வேற இன்னா சொன்னாரு?

– அவரு எப்பவும் பேசறதுதான். “இதைப் பணக்காரன் வியாதின்னு சொல்லிக்கினு இருந்தோம் கண்ணப்பா, இப்ப உலையில வேகறவனுக்கு வருது, களை புடுங்கறவளுக்கு வருது, கேன்டீன்ல தட்டு கழுவறவளுக்கும் வருது”ன்னாரு.

– பொம்பளைங்களுக்குமா?

– ஏன், அது ஆளைப் பாத்தா வருது? நீ இன்னா புதுசா கேக்கற?

– சும்மா கேட்டேன். போயி காலைக் கழுவிக்கினு வா.

– ஒண்ணுக்குப் போற மறைப்புக்குள்ள கால் வெக்க முடியல, எறும்பா மொய்ச்சிக்கினு கீது. நேத்தே சொன்னேன். எல்லாம் நான் பண்ற புண்ணியம்தான். ரோட்டோரம் போனாலும் எறும்பு வருது, வூட்ல போனாலும் எறும்பு வருது.

– சாம்பலைத் தூவிட்டா போயிடும், வுடு.

– இன்னாமே, திரும்பிக்கினு பேசற? மூஞ்சி வேற ஒரு மாதிரி கீது.

– ஒண்ணுமில்ல.

– ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு முந்தானையைப் புடிச்சி முறுக்கிக்கினு கீற? கங்கா, என்னைப் பாரு. நீ எதுனா பண்ணியா?

– பண்ணேன்.

– இன்னா பண்ண?

– மாத்திட்டேன். ராத்திரி வெளிய போவாம நீ சட்டியில போனதைத்தான் பாட்டில்ல ஊத்தினேன். அது உன்னுதுதான்யா. உன்னுது செங்கலா வராம பின்ன எப்படி வரும்?

– அடிப்பாவி.

– திட்டு.

– அடிப்பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! வேணும்னே பண்ணியா?

– வேணும்னேதான்.

– நான் வாங்கியாறதைத்தானே திங்கற?

– நீ வாங்கியாறதைத்தான் திங்கறேன். அதனாலதான் பண்ணேன். அன்னிக்குச் செருப்புல ஆணி ஏறி, அதோடயே ஒரகடத்துல இருந்து நடந்து வந்தியே, உனுக்குத் தெரிஞ்சிதா? வாசல்ல ரத்தம் கோடு போட்டுக்கினு வந்ததைப் பாத்துட்டு நான்தான் கத்தினேன். நீ “எங்கமே ரத்தம்”னு கேட்டுக்கினு நிக்கற. ஆணி குத்தினதே தெரியாத கால்யா அது. அந்தக் காலை வெச்சிக்கினு உலையாண்ட நிக்கறேங்கற.

– அது மரத்துப் போயிருந்துச்சு. ஷூ போட்டுப் போட்டு எல்லாருக்கும் அப்படித்தான்.

– உன் கூட வேலை பாத்த மாரிக்கும் அப்படித்தான் ஆச்சு. அவன் பொண்டாட்டி முனியம்மா சொல்லி அழறா. வெரல்ல கொப்புளம்னு ஆரம்பிச்சிச்சு. பச்சிலை கட்டினான். சக்கரைக்குன்னு சிறுகுறிஞ்சான் பொடியை மோர்ல கரைச்சிக் குடிச்சிட்டு, அந்தத் தெம்புல கேன்டீன்ல ரெண்டு டீ சக்கரையோட அடிச்சான், உன்னை மாதிரியே. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போறப்ப முட்டிக்குக் கீழ எடுக்கணும்னுட்டாங்க. அவனும் யாரோடதையோ பாட்டில்ல ஊத்திக் குடுத்தவன்தான்.

– மாரி கதை வேற.

– ஒரே கதைதான்யா.

– நான் டீக்குச் சக்கர போடறதில்ல.

– பொய் சொல்லாத. உன் சட்டைப் பையைத் துவைக்கறவ நான். உள்ள ஒரே சக்கரத் தூளு.

– சரி, ஒண்ணு ரெண்டு வாட்டி. பசிக்குதுமே! காலீல கோதுமைக் கஞ்சி, ராத்திரியும் கோதுமைக் கஞ்சி. நெல்லு வெளையற ஊர்ல பொறந்துட்டு சோத்தைக் கண்ணால பாத்து மாசக் கணக்காவுது. உலை வேலைக்காரன் அந்தக் கஞ்சில எப்படி நிப்பான்? மாத்திரை போட்டா மாத்திரைக்கும் ஒரு பசி வருது. கை நடுங்குது. அப்ப டீயைக் குடிச்சா சரியாவுது. நான் இன்னா செய்யறது, நீயே சொல்லு.

– தெரியும். நானும் உன் கூடத்தான் அந்தக் கஞ்சியைக் குடிக்கிறேன்.

– உன்னை யாரு குடிக்கச் சொன்னது? நீ சோறாக்கித் தின்ன வேண்டியதுதானே?

– உன் எதிர்ல உக்காந்து சோறு எறங்குமாயா?

– நீ ரொம்ப எளைச்சிட்ட, கங்கா. பக்கத்து வூட்டு மீனம்மா கூட கேட்டுச்சு.

– வயசாவுது.

– நேத்துத்தான் ரவிக்கையைப் புடிச்சித் தைக்கறேன்னு உக்காந்த. ஊசியில நூலு கோக்கக் கண்ணு தெரியாம என்னைக் கூப்புட்ட. இன்னா வயசு ஆச்சு உனுக்கு?

– பேச்சை மாத்தாதயா. டாக்டரு ஊசி மருந்து போட்டுக்கோன்னு சொல்லி எத்தினி நாளாச்சு?

– அந்த பாட்டில் வெல தெரியுமா? வாரக் கூலி அப்படியே போவுது. வாங்கினாலும் எங்க வெக்கறது? பிரிஜ்ஜுல வெக்கணுமாம். மண்ணூர்ல யாரு வூட்ல பிரிஜ்ஜு கீது?

– பானையில ஈர மணலைப் போட்டு அதுக்குள்ள வெச்சா போதும்னு அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிச்சு. பெரியாஸ்பத்திரின்னா மருந்து சும்மாவே குடுப்பாங்களாம், நிக்கத்தான் நிக்கணுமாம். கண்ணாடி ஊசியை நான் வெந்நில போட்டு எடுத்துத் தரேன். குத்தறதுக்கும் கத்துக்கறேன். வேற இன்னா வேணும் உனுக்கு?

– அந்த ஊசி போட ஆரம்பிச்சா வுடவே முடியாதாம். சாவற வரைக்கும்.

– போடாம இருந்தா சாவு தள்ளியா நிக்குது?

– பயமா கீதுமே. அவ்வளவுதான். நாலு பேரு எதிர்ல ஆம்பளையா உலையைத் தள்ளிக்கினு இருந்தவன், வூட்டு மூலையில உக்காந்து தொடையில ஊசி குத்திக்கினு... நெனச்சாவே ஒரு மாதிரியா ஆவுது. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. உன்னை எழுப்பிச் சொல்லலாம்னு பாத்தா நீ பக்கத்துல இல்ல, வெளிய போயிருக்க. எப்பப் பாத்தாலும் வெளிய போயிருக்க.

– இப்ப சொல்லிட்ட இல்ல. போதும். காலைக் குடு, தொடைச்சி வுடறேன்.

– கோவமா கீது உன் மேல. ஆனா கோவப்படவும் தெம்பு இல்ல.

– எனுக்கும் இல்ல.

– நான் இன்னா சொல்றேன், கேளு. பலராமன் நல்ல மனுஷன். டாக்டருகிட்ட இன்னும் எழுதிக் குடுக்கல. “ராத்திரி கல்யாண விருந்து எதுனா தின்னுட்டியா”ன்னு அவரே வழி எடுத்துக் குடுத்தாரு. ஆமான்னுட்டேன். “சரி, நாளைக்கு ஒரு வாட்டி கொண்ணா, பாத்துட்டு எழுதறேன்”னாரு. ஒரே ஒரு வாட்டி, கங்கா. நாளைக்கு நீ உன்னுதைக் குடு. நீலம்னு எழுதிட்டாருன்னா உலைக்குப் போயிடுவேன், வேலை போவாது.

– அப்பறம்?

– அப்பறம் நீ சொல்றதைக் கேக்கறேன். லீவு போட்டுட்டு மெட்ராஸுக்கு வரேன். பெரியாஸ்பத்திரில சீட்டு வாங்கிக்கினு நிக்கறேன். ஊசியும் போட்டுக்கறேன்.

– என் தலையில கைய வெச்சிச் சொல்லு.

– இந்தா. வெச்சிட்டேன். உன் மேல சத்தியம். ஊசி போட்டுக்கறேன், கேன்டீன் டீயை வுட்டுடறேன், காலைத் தெனமும் உன்கிட்ட காட்டறேன். நாளைக்கு மட்டும் என்னைக் காட்டிக் குடுக்காத. அழறியா? இன்னாமே இது? நான்தான் சரின்னுட்டேனே.

– சந்தோசம்யா. சரி, நாளைக்கு மீனம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கினு போ.

– இன்னாது?

– மீனம்மாகிட்ட. அதுக்கு ஒரு வியாதியும் கெடையாது.

– உனுக்கு மூளை கீதா? வேலிக்கு அந்தாண்ட போயி, “மீனம்மா, கொஞ்சம் மூத்திரம் குடு”ன்னு கேக்கச் சொல்றியா? சாயங்காலத்துக்குள்ள ஊரே சிரிக்கும்.

– நான் கேக்கறேன். என்கிட்ட குடுக்கும்.

– எதுக்குமே? கட்டின பொண்டாட்டி நீ கீற. உன்னுதுக்கு இன்னா கொறைச்சல்? இன்னும் கோவமா? சத்தியம் பண்ணிட்டேன் இல்ல, பொய்யின்னு நெனைக்கறியா?

– இல்லயா. நம்பறேன். திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கே போலாம்.

– சரி, நான் முன்னாடி போயி ஆஸ்பத்திரில சீட்டு வாங்கிடறேன், நீ மெதுவா வா. ஆனா நாளைக்கு உன்னுதுதான் வேணும். மாத்தாம ஊத்து.

– சீட்டு ரெண்டா வாங்கணும்யா.

– ரெண்டு எதுக்கு?

– நான் எதையும் மாத்தல. இன்னிக்குக் காலீல நீ எடுத்துக்கினு போனது என்னுதுதான்.