அண்ணி வாங்கிய கிரைண்டர்

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி பஸ் வழக்கம்போல சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் சிக்கி நின்றது. முன் சீட்டில், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த இருவரில் கண்ணாடி போட்டவர் திடீரென்று சொன்னார்:

“எங்க அண்ணி பொய் சொல்லல மச்சா. அதான் இப்போ கஷ்டமா இருக்கு.”

“என்ன பொய்?”

“நான் சமையல் சாமான் பத்தி பிளாக் எழுதறேன்ல? அதுல இருக்கற லிங்க் வழியா வாங்கினா எனக்குக் கமிஷன் வரும். ‘உன் லிங்க்லதான் கிரைண்டர் வாங்கினேன்’னாங்க. என் கமிஷன் கணக்குல ஒண்ணுமே காட்டல. ஞானஸ்நான விருந்துல எல்லார் முன்னாடியும், ‘சும்மா கதை விடாதீங்க’ன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“நேத்துதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். லிங்க் நேரா கடைக்குப் போகாது. நடுவுல கமிஷன் கணக்கு வைக்கற வேற ஒரு பக்கம் போய்த்தான் கடைக்குப் போகும். ஆட் பிளாக்கர் அதை விளம்பரம்னு நினைச்சு நிறுத்திடுது. வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருது. அண்ணி பாவம், கடையில நேரா பேரைத் தேடி அதே கிரைண்டரை வாங்கியிருப்பாங்க.”

“அவங்க போன்ல ஆட் பிளாக்கர் எப்படி வந்துச்சு?”

“நான்தான் போட்டுக் கொடுத்தேன்.”

பஸ் ஓரடி நகர்ந்து மறுபடி நின்றது.

“சாரி சொல்லிடேன்.”

“கிறிஸ்துமஸுக்கு அவங்க சுட்டு அனுப்பின கல்கல் பலகாரத் தட்டைத் தொறக்காமயே திருப்பி அனுப்பினவன் நான்.”

“அப்போ செம கோவத்துல இருப்பாங்க.”

“இருந்தா பரவாயில்ல மச்சா. இன்னைக்குக் காலையிலகூட சர்ச் குரூப்ல என் லிங்க்கைப் போட்டு, ‘நம்ம தம்பி எழுதினது, இதுலயே வாங்குங்க’ன்னு எழுதியிருக்காங்க.”